என் பக்கத்துப் பிரேக்

1

டிரைவிங் ஸ்கூலில் நான் கற்றுக்கொடுக்கச் சேர்ந்த முதல் நாள், தஞ்சாவூர் பைபாஸில், ஓட்டக் கற்க வந்த ஒரு கல்லூரி ஆசிரியை நின்றுகொண்டிருந்த லாரியின் மீது மோதப் பார்த்தார். சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. "மேடம், நான்தான் புடிச்சேன். நீங்க பிரேக் பக்கமே போகல" என்றேன். மறுநாள் அவர் வரவில்லை.

ஓனர் கூப்பிட்டார். "டீச்சர், உங்கள யாரு அதச் சொல்லச் சொன்னா? மிதிச்சமா, ஜன்னலப் பாத்தமான்னு இருங்க. தானே நிப்பாட்டினோம்னு நெனச்சாத்தான் நாளைக்கு வருவாங்க. பயந்துட்டா அப்புறம் ஸ்டியரிங்கத் தொட மாட்டாங்க."

நியாயமாகத்தான் பட்டது. அன்று முதல் பேசாமல் மிதிக்கப் பழகினேன். என் பெடலும் மாணவரின் பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவர் கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கும்போதோ, அதிலிருந்து எடுத்து அந்தரத்தில் வைத்திருக்கும்போதோ நான் மிதித்தால் அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக இதுதான் என் திறமை.

2

என் மகன் அருளுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன், அதே ஸ்கூல் காரில். அறுவடைச் சமயம். கல்லணைக் கால்வாய்க் கரை ரோட்டில் பாதிவரை நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினான். முன்னால் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். அருள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான், அவ்வளவுதான். நான் மிதித்தேன். நெல்லின் மேல் கொஞ்சம் வழுக்கி, வண்டி நின்றது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "எலே, நெல்லு காயுதா, ரேஸு நடக்குதா?" என்று கத்தினார்.

அருள் சிரித்தான். "பாத்தியாம்மா? காலத் தூக்கினேன், கப்புனு நின்னுச்சு."

சொல்லியிருக்க வேண்டும். "ம், பாத்து ஓட்டு" என்றேன். பெற்ற பிள்ளைக்கும் அந்த ஓனரின் பாடத்தையே நடத்தினேன்.

3

படிப்பு முடித்ததும் அருளுக்குக் கனடாவில் ஒரு சின்ன ஊரில் வேலை. அங்கே ஊர் திரும்புகிற ஒருவரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மலிவாக வாங்கினான். கியர் வண்டி, பின் சக்கரம் இழுக்கிற வண்டி. கோடை முழுக்க நன்றாகவே ஓட்டினான். அகலமான ரோடு, முன்னே பின்னே இடைவெளி; அந்த ரோடு தப்பைப் பொறுத்துக்கொண்டது.

முதல் பனி விழுந்த வாரம் வீடியோவில் காரைக் காட்டினான். நான் முதலில் டயரைத்தான் பார்த்தேன்.

"பனி டயர் போட்டியாடா?"

"அடுத்த மாசம்மா. இப்போதைக்குப் பின்னாடி வெயிட்டுக்கு ரெண்டு மூட்டை பொன்னி ஏத்தியிருக்கேன்."

பக்கத்தில் இருந்த அவனுடைய அறைத்தோழன் கார்த்தி, கீழ்வேளூர்ப் பையன், எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஆன்ட்டி, ஸ்போர்ட்ஸ் கார ரேஷன் கடை வண்டி ஆக்கிட்டான்!"

நானும் சிரித்தேன்.

நான்காம் நாள், கார்த்தியோடு வேலைக்குப் போகும் வழியில், ஒரு வளைவுக்குள் வேகமாக நுழைந்தான். வேகம் அதிகம் என்று பட்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்தான். எங்கள் ஸ்கூல் காரில் இன்ஜின் முன் சக்கரத்தை இழுக்கும். அந்த வண்டியில் காலை எடுத்தால் இன்ஜினின் பிடிப்பு முழுவதும் பின் சக்கரங்களில் விழும். கீழே பனி, போட்டிருந்ததோ குளிரில் இறுகிப்போன கோடை டயர். பின்பக்கம் வெளியே வீசி, வண்டி சுற்றி, கார்த்தி உட்கார்ந்திருந்த பக்கம் கம்பத்தில் அடித்தது. அருளுக்குக் கீறல். கார்த்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அருள் அழுதுகொண்டே பேசினான். மூட்டை கிழிந்து அரிசி ரோட்டில் கொட்டியதாம், பனி எது அரிசி எது என்று தெரியவில்லையாம். பிறகு சொன்னான்: "காலத் தூக்கினேன்மா. எப்பவும் நின்னுடுமே. ஏன் நிக்கல?"

ஏன் என்று எனக்குத் தெரியும். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

4

கீழ்வேளூருக்குப் போனேன். கார்த்தியின் அம்மா வாசலுக்கே வந்து, "வாங்க" என்று உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எம்புள்ள எதுக்கெடுத்தாலும் பயப்படுவான். உங்க மகன் வண்டின்னா மட்டும் ஏறுவான். அவங்க அம்மாவே டிரைவிங் டீச்சரு, தொட்டதும் நிப்பாட்டுவான்னு சொல்லுவான்."

டீயைக் குடித்தேன். பஸ் ஏறினேன்.

5

போன வாரம் அருள் கூப்பிட்டான். கார் ரிப்பேர் முடிந்துவிட்டதாம், பனி டயரும் போட்டாயிற்றாம். "திங்கக்கெழமலேர்ந்து எடுக்கறேன்மா. இங்க பஸ் கெடையாது. நடந்தா வெரலு வெறச்சுப் போயிடும்."

இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால்வாய்க் கரையைச் சொன்னேன். மற்ற வளைவுகளையும் சொன்னேன். "எதுலயும் நீ நிப்பாட்டலடா. நான்தான் மிதிச்சேன்."

"எத்தன தடவ?" என்றான்.

"எண்ணல."

"கார்த்தி அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"இப்ப எங்கிட்ட மட்டும் சொல்றே. திங்கக்கெழம நான் எப்படிம்மா ஸ்டியரிங்கப் புடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று ஓனர் சொன்னது தப்பில்லை. என் பிள்ளை பயந்துவிட்டான். ஆனால் நான் பக்கத்தில் இருந்த காலத்திலேயே அவன் பயந்து, வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்கக் கற்றிருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மிதித்தால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள், வண்டி நிற்கும் முன்பே. நான் இப்போது சொல்கிறேன். நேற்று ஒரு பெண்ணிடம் ஒரே வகுப்பில் பதினோரு தடவை "நான் புடிச்சேன்" என்றேன். இறங்கும்போது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓனரும் பேசுவதில்லை.

இன்று திங்கட்கிழமை. அந்த ஊரில் காலையிலிருந்து பனி கொட்டும் என்று போன் காட்டுகிறது. இந்நேரம் அவன் வண்டியை எடுத்திருப்பான். சமையலறையில் நின்றபடி இதை எழுதுகிறேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது.