நான் இரண்டாக்கிய பாறை

குடும்ப குரூப்பிலும், அதைப் பார்த்து இங்கே ஃபேஸ்புக்கிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. மாமல்லபுரம் கடலோடிகளுக்கே அந்தக் காலத்தில் கப்பல் வார்த்தைகளைத் திருத்திக் கொடுத்தவள் நான் என்று. தவறு. திருத்தப்பட்டவள் நான். எண்பத்தேழு வயதில் இல்லாத பெருமை எனக்கு வேண்டாம், இருக்கிறதே போதும்.

ஆழம் பார்க்க ஈயக் குண்டு கட்டிய ஈரக் கயிற்றின் வாசனை... உப்பு, தார், கொஞ்சம் மீன். ஐம்பதுகளின் கடைசி. என் கணவருக்குத் தற்காலிக ஓவர்சியர் வேலை. சரக்குப் படகுகள் ஒதுங்க மாமல்லபுரம் கரையில் ஓர் இடம் பார்த்து, கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் செங்கல்பட்டு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீடு. கல்யாணமாகி ஐந்து மாதம்... எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

அளக்கும் படகில் இரண்டு பேர் முக்கியம். காதர் பாய், சதுரங்கப்பட்டினத்துக்காரர், நீராவிக் கப்பலில் சாரங்காக இருந்து மாலுமிகளை வேலை வாங்கியவர். ஏகாம்பரம், பக்கத்துக் குப்பத்துக் கட்டுமரக்காரர். தினமும் கரையிலேயே இருவருக்கும் சண்டை ஆரம்பித்துவிடும். எது சரியான சொல்?

படகின் வலது பக்கத்தை பாய் ‘ஜம்னா’ என்பார், இடதை ‘டாவா’ என்பார். உலகத்துக் கப்பலெல்லாம் அப்படித்தானாம். ஏகாம்பரத்துக்கு வலதும் கிடையாது, இடதும் கிடையாது. கரைப்பக்கம், கடல்பக்கம். அவ்வளவுதான்.

“நாலு கட்டைய கயித்துல கட்டிக்கினு நீ எனக்கு பக்கம் சொல்றியா? நான் ரங்கூன் பாத்தவன்யா.”

“ரங்கூன்லயே போயி சொல்லு பாய். நீ திரும்பினா உன் ஜம்னாவும் கூடவே திரும்பிக்கினு பூடும். கரை திரும்புமா?”

“ரூலுன்னு ஒண்ணு கீதுய்யா!”

“அது கடலுக்குத் தெரியுமா, கேட்டுகினு வா.”

நான் கரையில் குடையும் நோட்டுமாக உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பேன். மனதுக்குள் பாய் கட்சி. கான்வென்ட்டில் படித்தவள்... விதி என்றால் எனக்கு ஒரு மரியாதை.

படகு வடக்கே கொடி நட்ட இடம் வரை போகும், அதே வழியில் தெற்கே திரும்பி வரும். போகும்போது ஆழத்தையும் பாறையையும் பாய் கூவுவார். திரும்பும்போது கயிறு பாய் கையில் இருக்கும், அதனால் ஏகாம்பரம் கூவுவார். கேட்டதைக் கேட்டபடி என் கணவர் குறித்துக்கொள்வார். நல்ல பிரதி எழுதுவது என் வேலை, என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும்.

இரண்டு பாஷையில் நோட்டா? எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் வலது, இடது என்று மாற்றினேன். போகும்போது பாய் ‘ஜம்னா’வில் ஒரு பாறை சொல்லியிருந்தார். வரும்போது ஏகாம்பரம் ‘கடல்பக்கம்’ ஒரு பாறை சொல்லியிருந்தார். கடல் என்றால் வலதுதானே என்று இரண்டுக்கும் ‘வலது’ என்று முத்து முத்தாக எழுதினேன். அதைப் பார்த்து இவர் வரைபடம் போட்டார்.

திங்கட்கிழமை பெரிய இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை வரைபடத்தை மணலில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து, எல்லோருக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். கடல் பக்கம் ஒரு பாறை. கரையோரம் இன்னொன்று, படகு ஒதுங்க வேண்டிய இடத்திலேயே.

ஏகாம்பரம் என்னையே பார்த்தார்.

“ஏம்மா, அந்த எடத்துல நேத்துகூட வலை இழுத்தோம். பாறை இருந்தா கிழிஞ்சிருக்குமே?”

“நோட்டில் இருக்கிறது” என்றேன்.

“நோட்டுல கீது. கடல்ல இல்லியே.”

முதலில் புரிந்துகொண்டவர் காதர் பாய். “அந்த வரி எழுதும்போது நாம எந்தப் பக்கம் பாத்துகினு வந்தோம்? தெக்கால. அப்ப வலது கைப்பக்கம் இன்னா கீது? கரை! அம்மா ஒத்தப் பாறைய ரெண்டாக்கிட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்...

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பதினோரு பக்கத்தையும் திரும்ப எழுதினேன். தலைப்பிலேயே கரைப்பக்கம், கடல்பக்கம் என்பதை இங்கிலீஷில் போட்டேன். “ஆபீஸ்ல சிரிப்பாங்கம்மா” என்று பாய்க்கு வருத்தம். யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் படகில் போய் நான்கு இடத்தில் குண்டு இறக்கிப் பார்த்தார். ஒரே பாறை, சொன்ன இடத்தில். கரையேறியதும் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமே இவருக்கு வேலை நிரந்தரமானது.

சண்டை தீர்ந்ததா? மறுநாளே நங்கூரக் கயிற்றுக்கு என்ன பெயர் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது ஈசிஆரில் மகன் காரில் போகிறேன். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் ‘இடது பக்கம் திரும்பவும்’ என்கிறாள். யாரும் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. வழி தப்புவதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு சொல்லுக்காக அரை நாள் மல்லுக்கு நிற்கிற ஆட்களோடு பழகியவளுக்கு... அந்தக் கார் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

அந்த அறிக்கையின் நகல் என் பீரோவில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உதவியவர்கள் பட்டியல். காதர் பாயின் முழுப் பெயர், அவருடைய சர்டிபிகேட் விவரத்தோடு. அதற்குக் கீழே, ‘படகோட்டிகள், நான்கு பேர்’. அதுவும் என் கையெழுத்துதான். எங்கள் வேலையைக் காப்பாற்றிய ஏகாம்பரத்தைப் பெயரில்லாமல் நால்வரில் ஒருவராக எழுதியிருக்கிறேன். பதினோரு பக்கம் திருத்தியவளுக்கு அந்த ஒரு வரி கண்ணில் படவில்லை.

இனி திருத்த வேண்டும். பெயர் மட்டும் எழுதினால் அரைகுறை, அவருடைய அப்பா பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் குப்பத்தில் ஏகாம்பரத்தின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ, அவர்களைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால், அவருடைய அப்பா பெயரை எனக்கு எழுதுங்கள். கட்டைவிரலும் கும்பிடும் அனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.