சிலாவத்துறைப் பெண்வீடு

என் கலியாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை மாப்பிள்ளையின் தகப்பன் இறந்துவிட்டார். ஆண்டுப் பூசை முடியட்டும் என்றார்கள். இரண்டாம் முறை எனக்கு அம்மாள் வருத்தம் வந்து முகமெல்லாம் கொப்புளம் போட்டது. மூன்றாம் முறை அருவியாறு வந்தது.

நாங்கள் பள்ளிமுனை. மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரிப்பு. எங்கள் வழக்கப்படி கலியாணம் பெண்ணின் கோயிலில் நடக்கும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து அழைத்துப் போக வேண்டும். மூன்று ஞாயிறும் பூசையில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை பூசை. அடுத்த நாள் ஞாயிறு ஆகமன காலம் தொடங்குகிறது. அது தொடங்கினால் பாலன் பிறப்பு முடிந்து மூவரசர் திருநாளும் கழியும் வரை கோயிலில் தாலி ஏறாது.

அந்தக் கிழமை பெய்த மழையில் ஆறு பெருகி வீதியை விழுங்கிவிட்டது. புதன்கிழமை தந்தி வந்தது. வீதி இல்லை, தை மாதத்தில் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் அடித்திருந்தார்.

தை என்பது அப்பாவுக்குத் தை. எனக்கு அது 'இல்லை' என்று கேட்டது. இரண்டு தடங்கல் வந்த இடத்தில் ஆண்டவருக்கு விருப்பமில்லைப் போலும் என்று அந்த அம்மா ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லி, அது ஆறு தாண்டி எங்கள் வேலிப் படலைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவருடைய சொந்தத் தமையனின் மகள் ஒருத்தி அதே ஊரில் கண்முன்னே இருக்கிறாள். மூன்றாம் தடங்கலுக்குப் பிறகு யார் எனக்காகக் காத்திருப்பார்கள்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. மடு மாதா திருவிழாவில் இரண்டு தரம் பார்த்ததுதான். நாங்கள் தங்கியிருந்த கொட்டிலுக்குத் தண்ணீர் தூக்கி வந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர். அந்த நாளில் ஒரு பெண் இதை யாரிடமும் சொல்ல வழியில்லை. வள்ளத்தில் ஏறலாம், அவ்வளவுதான்.

"ஆறு விடமாட்டன் எண்டால் கடலால போவம் அப்பா. கலியாணத்தை அரிப்புக் கோயிலில வைப்பம்" என்றேன்.

அப்பா எனக்கு விசர் பிடித்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தார். ஆறு, காற்று, மழை எல்லாம் அவருக்குப் பெரிய காரியமில்லை. பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர். பெண்ணைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வாசலில் இறக்குவதா என்பதுதான் அவருக்கு உயிர்போகிற கேள்வி. பெண்வீட்டார் வாசலில் போய் நின்றார்கள் என்று நாலு தலைமுறைக்குச் சொல்வார்கள் என்றார். நான் சாப்பிடாமல் கிடக்கவில்லை, அழவுமில்லை. துணிகளைத் தகரப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன். அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தன் சேலையையும் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று பின்னேரம் அப்பா கோயில் குருவான பங்குச் சுவாமியிடம் போனார். திரும்பி வரும்போது அவருடைய மானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அரிப்பில் நேரே கோயில் கரையில்தான் வள்ளத்தை விடுவது. கோயில் எல்லாருக்கும் பொது. அங்கே இறங்கினால் யார் வாசலிலும் இறங்கினதாகாது. சுவாமி கையில் பெண்ணை ஒப்படைத்துவிட்டால் மாப்பிள்ளை அங்கே வந்துதான் ஆக வேண்டும். நான் தலையாட்டினேன். கோயில் கரையோ குளத்தங்கரையோ, சனிக்கிழமைக்கு முதல் அந்தப் பக்கம் போனால் போதும் எனக்கு.

வியாழக்கிழமை விடிய அப்பா, அம்மா, நான் மூவரும் புறப்பட்டோம். முதல் நாள் பயணத்தைப் பயணம் என்றே சொல்லக்கூடாது. உப்புத் தண்ணீரில் வளரும் கண்ணாப் பற்றைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஓடைகள், இடுப்பளவு தண்ணீர். அப்பா பின்னால் நின்று கோலை ஊன்றித் தள்ள, வள்ளம் சத்தமில்லாமல் போனது. ஓடை அகலும் இடங்களில் நாரைகள் கூட்டமாக நின்று எங்களைப் பார்த்தன. நான் பெரியபிள்ளையாகும் வரை அப்பாவோடு இந்த ஓடைகளில் வலை பார்க்க வந்தவள். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஓடையில் கோலும் வெளிக்கடலில் துடுப்பான சவளும் பிடிக்க என் கைக்குத் தெரியும்; பிறகு வீட்டுக்குள் வைத்து மறக்கச் சொன்னார்கள்.

மத்தியானம் திருந்தாதிச் செபத்துக்கான கோயில் மணி எங்கிருந்தோ மெல்லக் கேட்டது. அப்பா கோலைத் தூக்கி வள்ளத்தில் வைத்தார், தலைத்துண்டை அவிழ்த்தார், எழுந்து நின்று செபம் தொடங்கினார். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மறுமொழி சொன்னாள். பள்ளிமுனையில் எல்லா ஆண்களும் அப்படித்தான். மணி கேட்டால் கை வேலை நிற்கும், கண் மூடும். ஓட்டமில்லாத களப்புத் தண்ணீரில் அதனால் ஒரு நட்டமும் இல்லை. செபம் முடியும்போது வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அன்றிரவு வழியில் இருந்த வங்காலையில் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டில் தங்கினோம். தானாக வள்ளமேறி வந்த மணப்பெண்ணைப் பார்க்க அந்தத் தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளை ஓடிவிடுவார் என்று பயமா, இல்லை ஆறு வற்றாது என்று பயமா என்று ஒருத்தி கேட்டாள். இரண்டும்தான் என்றேன். சிரித்தார்கள், பிறகு பிட்டும் மீன்குழம்பும் தந்தார்கள். ஆண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஆற்று வாய் பெருக்கெடுத்துக் கிடக்கிறது, மரங்கள் அடித்து வருகின்றன, இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு நாள் பொறுத்தால் ஞாயிறு. நான் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை வாடைக்காற்று நன்றாக இருந்தது. வள்ளத்தின் பாயை விரித்துக் கரையோடு தெற்கே ஓடினோம். வெயில் ஏறும்போது தண்ணீரின் நிறம் மாறியது. பச்சைக் கடலுக்குள் ஆறு கலங்கல் நிறத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் அரிப்புக் கோயிலின் முகப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா பாயை இறக்கினார். மிதந்து வரும் மரங்களுக்கு விலகி, சவள் போட்டே ஆற்று வாயைத் தாண்ட வேண்டும் என்றார். நன்றாகத்தான் வலித்தார். பாதி தாண்டியிருப்போம், ஆட்கள் நின்றால் முகம் தெரிகிற தூரத்துக்குக் கோயில் வந்திருந்தது.

அப்போது அந்தக் கோயில் மணியே அடித்தது.

அப்பா சவளைத் தூக்கி வள்ளத்தில் வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்தார். எழுந்து நின்று கண்ணை மூடினார். அம்மா முந்தானையை இழுத்துப் போட்டாள். நாற்பது வருடத்துக்கு மேலான பழக்கம். கை தன் பாட்டில் செய்தது. என் வாயும் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் என்னால் மூட முடியவில்லை. முன்னால் இருந்த கோயில் மெல்ல இடப்பக்கம் வந்தது. பிறகு சிறுத்தது. செபத்தை இடையில் நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் அன்றைக்கு நீண்டதுபோல் என்றைக்கும் நீண்டதில்லை.

அப்பா சிலுவை போட்டுக் கண்ணைத் திறந்து கோயிலைத் தேடினார். அது எங்களுக்குப் பின்னால் இருந்தது. ஆறு எங்களை வெளிக்கடலுக்குத் தள்ளியிருந்தது, வாடையும் சேர்ந்து தெற்கே இழுத்தது.

பயப்படவில்லை என்றால் பொய். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் கூட. அப்பாவோடு இல்லை, மாதாவோடு. உம்மைக் கும்பிடப் போய்த்தானே இப்படி ஆனது, நீர்தான் கரை சேர்க்க வேண்டும் என்று மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே மற்றச் சவளை எடுத்தேன். மணப்பெண் சவள் பிடிக்கக்கூடாது என்று அம்மா தொடங்கி, அலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்பா எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அரிப்புக்குத் திரும்ப வழியில்லை. கரையை நோக்கி வலித்தோம். ஒரு கட்டத்தில் அப்பாவின் தோள் பிடித்துக்கொண்டது. கை தளர்ந்து சவளை விட்டார். அதன் பிறகு நான்தான், இந்தப் பக்கம் ஒரு வலி, அந்தப் பக்கம் ஒரு வலி என்று, உள்ளங்கை பிய்ந்தது தெரியாமல்.

ஒதுங்கிய இடம் சிலாவத்துறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். மழை விட்ட இடைவெளியில் கருவாடு காயப்போட வந்த இரண்டு பெண்கள்தான் கரையில் நின்றார்கள். வள்ளத்தை அவர்களும் நாங்களுமாக இழுத்து ஏற்றினோம். அதில் மூத்தவர் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உலர்ந்த சேலை தந்தார். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டுவிட்டார். கோழி அடிக்கப் போனவர், இன்றைக்கு வெள்ளி, வேதக்காரர் நீங்கள் இறைச்சி சாப்பிடமாட்டீர்கள் அல்லவா என்று தானே சொல்லி மீன் ஆய உட்கார்ந்தார்.

அரிப்பு அங்கிருந்து நடக்கிற தூரம். ஆனால் அப்பா எழும்பவில்லை. தரைவழியாகப் போனால் மாப்பிள்ளை வீட்டைத் தாண்டித்தான் கோயில். கோயில் கரை தவறிப்போனதோடு அவர் கண்டுபிடித்த வழியும் போய்விட்டது. "கரை ஒதுங்கின மாதிரி என்ரை பிள்ளையை அவையின்ரை படலையால கொண்டு போகமாட்டன்" என்றார். எல்லாம் தாண்டி வந்து ஊர் எல்லையில் கலியாணம் நின்றுவிட்டது. முதன்முறையாக எனக்கு அழுகை வந்தது.

மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அண்ணன், நீங்க ஒருத்தர்ட வாசலுக்கும் போக வேணாம். இண்டைக்கு இது பொண்ணு வீடு. மாப்பிள்ளை இங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

அப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையாட்டினார். தொழுகை முடிந்து வந்த வீட்டுக்காரர், மறுபேச்சில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிப்புக்குப் போய்ச் சுவாமிக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சொன்னார்: பெண்வீட்டார் சிலாவத்துறையில் இறங்கியிருக்கிறார்கள், காலையில் வந்து அழைத்துப் போங்கள்.

சனிக்கிழமை விடிய அந்த வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உழவு இயந்திரத்தில் வந்தார்கள். தாய் முன்னால் கூறைத் தட்டோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. தட்டை வாங்க நான் கையை நீட்டினேன். தட்டுத் தருவதை விட்டுவிட்டு அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இதென்ன?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா அத்தனை பேருக்கு முன்னாலும் நிமிர்ந்து நின்று சொன்னார்: "நான் செபம் சொல்லிக்கொண்டு நிண்டனான், அம்மா. வலிச்சுக்கொண்டு வந்தவள் இவள்தான்."

அந்த அம்மா தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார். வீட்டுக்காரியிடம் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி, என் இரண்டு கையிலும் தானே பூசினார். எரிந்தது; நான் கையை இழுக்கவில்லை. பிறகு, "வா பிள்ளை, பூசைக்கு நேரமாகுது" என்றார். பின்னால் மாப்பிள்ளை நின்றார். இந்த முறை அவர் வாளியைப் பார்க்கவில்லை.

மாமி சாகும் வரை, மருமகளை எந்த ஊரில் எடுத்தீர்கள் என்று யார் கேட்டாலும் சிலாவத்துறையில் என்றுதான் சொன்னார். கலியாணத்துக்குப் பிறகு முதல் பலகாரத் தட்டும் அந்த வீட்டுக்குத்தான் போனது. ஒவ்வொரு பாலன் பிறப்புக்கும் நான் போவேன். பெருநாளைக்கு அவர்கள் வருவார்கள்.

யுத்தக் காலத்தில் இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரேயடியாக ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த வீட்டாரும் புத்தளத்துக்குப் போய் அங்கேயே வருடக்கணக்காக இருந்தார்கள். யுத்தம் முடிந்து சிலாவத்துறை வீட்டுக்காரியின் மகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு நின்ற இடம் பற்றைக்காடாக இருந்தது. கேள்விப்பட்ட அன்றே மண்வெட்டியையும் கத்தியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த வயதில் நீங்கள் ஏன் மாமி மண்வெட்டி பிடிக்கிறீர்கள் என்று அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். என் அப்பா இந்த வீட்டு வாசலில்தான் என்னைத் தாரைவார்த்தார், என் பெண்வீட்டை நான் துப்பரவாக்காமல் வேறு யார் செய்வது என்று சொல்லிவிட்டு, வாசல் இருந்த இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன்.