வாசலில் சொன்ன சொல்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. எனக்கு அப்போது பதினொரு வயது. கொல்லிமலையில் எங்கள் ஊரிலிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து போக முக்கால் மணி நேரம் ஆகும். அன்று அம்மா புதுச் செருப்புப் போட்டிருந்ததால் ஒரு மணி நேரம் ஆயிற்று.

அம்மா அந்தப் பஞ்சாயத்தின் தலைவி. முந்தின ஆண்டுத் தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கியபோது, ஊரார் வேறு பெயரை யோசிக்கவே இல்லை. அம்மா மருத்துவச்சி. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் வலி கண்டாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு பிறந்த இரண்டு பிள்ளைகளை, கழுத்துக்கும் கொடிக்கும் நடுவே விரலை விட்டு எடுத்துக் காப்பாற்றியவள் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

எங்கள் பக்கத்தில் மருத்துவச்சியை அழைக்க ஒரு முறை உண்டு. அழைக்க வருகிறவர் வீட்டுக்குள் வரமாட்டார். வாசலில் நின்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். திரும்பிப் பார்த்தால் பிள்ளை தங்காது என்பார்கள். சொல்லிவிட்டால் மருத்துவச்சி பின்னாலேயே வந்துவிடுவாள். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

தலைவியானதும் சித்தப்பா அம்மாவைத் திருத்தும் வேலையை எடுத்துக்கொண்டார். நாமக்கல்லில் இரண்டு வருடம் ஒரு லாரி ஆபீசில் இருந்தவர். அதிகாரிகளைப் பற்றித் தமக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

“ஏனுங்கண்ணி, தலைவின்னா ஒரு தோரணை வேணுமுங்க. கூப்பிட்ட ஊட்டுக்கெல்லாம் வெளக்கெண்ணெய் பாட்டலத் தூக்கிட்டு ஓடுனா எந்த ஆபீசரு மதிப்பான்?”

“அப்படிங்களா தம்பி,” என்றாள் அம்மா.

வெற்றிலை நின்றது. கஞ்சி போட்ட சேலை வந்தது. செருப்பு வந்தது. ரோடு கேட்டு அதிகாரியிடம் பேசுவதற்குச் சித்தப்பா பதினான்கு வரிகளில் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்க வராது. பதினொரு நாள், நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அம்மா திருப்பிச் சொன்னாள். ‘அடிப்படை வசதிகளின்றி அல்லலுறும்’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவளும் சிரித்துக்கொண்டே தன் தலையில் அடித்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் தலைவி மகள் என்று கூப்பிட்டார்கள். மருத்துவச்சி மகள் என்று கூப்பிட்ட காலத்தில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அம்மாவின் துணிப்பையில் கத்தி, நூல், விளக்கெண்ணெய், வெள்ளைத் துணி நான்கும் எப்போதும் இருக்கும். அதிகாரி வரும் அந்த வியாழக்கிழமை அதை விட்டுவிட்டு வரச் சொன்னார் சித்தப்பா. அம்மா அந்த ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. அதிகாரியின் கண்ணில் படாமல் பை என் தோளில் இருக்கட்டும், நான் ஆபீஸ் வாசலில் நிற்கட்டும் என்று முடிவாயிற்று.

“யாரு வந்தாலும் உள்ள உடாத கண்ணு,” என்றார் சித்தப்பா. அம்மா பையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. கதவைச் சாத்தினார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா எழுந்து பேச்சைத் தொடங்கியபோது, பின்னால் யாரோ ஓடி வந்து நின்று மூச்சு வாங்கினார்கள். மேல்காட்டு மாமா. முழங்கால் வரை சேறு. அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மலையின் இன்னொரு பக்கமான பைல் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது தலைப்பிரசவம்.

“கண்ணு, அத்தைக்கு வலி கண்டிருச்சு. அம்மாகிட்டச் சொல்லிரு சாமி.”

“சொல்றனுங்க மாமா,” என்றேன்.

அவர் என் தோளில் இருந்த பையைப் பார்த்தார். அது போதும் என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் போனார்.

உள்ளே அம்மா நான்காவது வரியில் இருந்தாள். ‘அல்லலுறும்’ ஏழாவது வரி. அதைத் தாண்டிவிடட்டும் என்று நினைத்தேன். தாண்டிவிட்டாள், தடுமாறாமல். பிறகு முடிந்துவிடட்டும் என்று நினைத்தேன். முடிந்தபோது அதிகாரி கை தட்டினார். டீ வந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது பார்க்க நன்றாக இருந்தது. டீயும் குடித்துவிடட்டும் என்று நினைத்தேன்.

கதவு திறந்த பிறகுதான் சொன்னேன். “மேல்காட்டு மாமா வந்தாருங்கம்மா.” எப்போது வந்தார் என்பதைச் சொல்லவில்லை.

அம்மா செருப்பை ஆபீஸ் படியிலேயே விட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

ஆண் பிள்ளை. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். அம்மா போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அம்மா மூன்று நாள் அத்தையோடேயே இருந்தாள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, குளித்து, பழைய கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு, ஊரைக் கூட்டச் சொன்னாள்.

“அண்ணி, என்ன பேசோணும்னு எழுதித் தரட்டுங்களா?” என்றார் சித்தப்பா.

“வேண்டாந் தம்பி. எழுதுனது போதும்.”

மாரியம்மன் கோயில் முன்னால் நின்று பேசினாள். வெற்றிலை வாயில் இருந்தது.

“மருத்துவச்சின்னுதான் எனக்கு ஓட்டுப் போட்டீங்க. அதை நீங்க மறக்கல, நாந்தான் மறந்துட்டேன். வேற யாரோ மாதிரி நாக்காலில உக்காந்திருந்தேன். ஒரு உசுரு போயிருச்சு. தப்பு என்னுது. இனிமேட்டு எந்த மீட்டிங்கா இருந்தாலும் நேரா உள்ள வந்து கூப்பிடுங்க. எந்திரிச்சு வந்துருவேன்.”

“ஆபீசரு கோவிச்சுக்கிட்டா?” என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார்.

“கோவிக்கட்டுங்க. அவரும் ஒருத்தி வவுத்துல இருந்து வந்தவருதான?”

சிரிப்பு எழுந்து, அந்த வீட்டுக்காரர்கள் நிற்பதைப் பார்த்துப் பாதியில் அடங்கியது. மேல்காட்டு மாமா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் திறக்கவில்லை.

அம்மா சொன்னபடியே நடந்தாள். இரண்டு முறை அதிகாரிகளைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். ஒருமுறை ஜீப் இரண்டரை மணி நேரம் காத்திருந்தது. அந்த அதிகாரிதான் பின்னால் ரோட்டுக்கு எழுதினார் என்பார்கள். எல்லா மீட்டிங்கிலும் பை அம்மாவின் மடியில் இருந்தது. என்னை வாசலில் நிறுத்தவே இல்லை, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன மாசியில் அம்மா இறந்தாள். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அத்தைக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான்தான் தொடங்கினேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “அன்னிக்கே உங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன் கண்ணு. புள்ளகிட்டச் சொல்லிட்டுத்தான வந்தேன், ஏனுங்க வரலீன்னு கேட்டேன். அதுக்கு அவங்க, ‘அவள வாசல்ல நிறுத்துனது நானுங்க. அவகிட்ட யாரும் கேட்டுராதீங்க’ன்னாங்க.”

யாரும் கேட்கவில்லை. அதை நான் என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.