தாய்த் தொட்டியும் பிள்ளைத் தொட்டியும்

பவளம் வளர்க்கிற வேலைக்கு உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும். ரோஷம் மட்டும் கொஞ்சமும் ஆகாது. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டு முன்னறையில் ஒரு கடலையே தொட்டியில் வைத்துக்கொண்டு முழிக்கும் என்னைப் போல, அங்கங்கே இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

உப்பு வாளி

பவளத் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. மெஷினில் வடித்து, அதற்கென்றே விற்கிற உப்பை அதில் கரைக்க வேண்டும். நான் கரைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் மைத்துனன் ஜெபராஜ் வந்து சேர்ந்தான். ஆழ்வார்குறிச்சியில் நெல் போடுகிறவன். ஆற்றுத் தண்ணீர் குடித்தால் எந்த நோயும் அண்டாது என்று நம்புகிற குடும்பம்.

எங்கள் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர் பவளத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். அவர்கள் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்னதுபோல அவன் முகம் சுருங்கிவிட்டது. மெஷினையும் உப்பு வாளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஊருல அவனவன் உப்புத் தண்ணிய நல்ல தண்ணி ஆக்க மெஷின் வைக்கான். நீங்க நல்ல தண்ணிக்கு மெஷின் வச்சு, பொறவு அதுல உப்பக் கொட்டுதிய அத்தான்."

பசை

எங்கள் தொட்டியில் பெரியது ஒரு பச்சை மென்பவளம். என் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்தது. (கடையில் வாங்கியதுதான். நம் கடல் பவளத்தில் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டும்.) அது செத்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயத்தில்தான் பக்கத்திலேயே ஃப்ராக் தொட்டி போட்டேன். பவளத்தில் துண்டு வெட்டி, கல் வில்லையில் ஒட்டித் தனியே வளர்க்கிற தொட்டி அது. தாய் போனாலும் பிள்ளை மிஞ்சும்.

பிளேடால் வெட்டினேன். பவளம் வழவழவென்று நீர் விட்டது. பசை போட்டு அழுத்தினேன். துண்டு நழுவித் தண்ணீரில் மிதந்தது. வில்லை என் கட்டைவிரலில் உறுதியாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில் எஸ்தரிடம் போய் நின்றேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"விரலையும் அந்தத் தொட்டியிலயே வைங்க. அதாவது வளருதான்னு பாப்போம்."

பார்வையாளர்

பிறகு நூலால் கட்டித்தான் துண்டுகள் பிடித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்த எஸ்தரின் பெரியப்பா, பெரிய தொட்டியைத் திரும்பியும் பாராமல் ஃப்ராக் தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் ரசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் கிடைத்தார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மெல்ல என் தோளில் கை வைத்தார்.

"மீனெல்லாம் எப்ப மாப்ளே செத்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

முதல் சம்பந்தம்

என்னிடம் முதல் துண்டு வாங்க வந்தவர் காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டில் சின்னதாக ஒரு கடல்தொட்டி வைத்திருந்தார். அண்ணனை அவர்கள் ஊரில் காக்கா என்பார்கள்; நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். துண்டைப் பையில் போட்டுக் கட்டிய பிறகும் எனக்குக் கொடுக்க மனசில்லை. வெளிச்சம் எவ்வளவு, அலை எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததும் போதாமல், வாசல் வரை சொல்லிக்கொண்டே போனேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி இருக்கிறது காக்கா என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"எங்க ஊர்ல பொண்ண வெளிய அனுப்புத பழக்கமே கெடையாது சார், மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டோட வந்து இருப்பான். அதுக்காவ நான் ஒங்க வீட்டுல வந்து இருக்க முடியுமா?"

குழாய்

இனி சொல்வதை என்னைப் போன்றவர்கள் கவனமாகக் கேளுங்கள். உப்பும் வேலையும் மிச்சமாகுமே என்று, இரண்டு தொட்டிகளையும் குழாய் போட்டு இணைத்திருந்தேன். கீழே ஒரே வடிகட்டித் தொட்டி, இரண்டுக்கும் ஒரே தண்ணீர். என்னைப் போலப் புத்திசாலி ஜில்லாவிலேயே இல்லை என்று ஒரு நினைப்பு.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். ஜெபராஜை வீட்டுக்குக் காவலாக வைத்துவிட்டு நாங்கள் போனோம். அவன் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்திருக்கிறான். உப்புக் கரித்தது. வாயில்லாத ஜீவன்கள் எப்படித் தாங்கும் என்று இரக்கப்பட்டு, பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீரை நிரப்பிவிட்டான்.

நாங்கள் திரும்பியபோது பெரிய தொட்டி கஞ்சித்தண்ணீராகக் கிடந்தது. எஸ்தரின் பச்சைப் பவளம் கூழாகக் கரைந்திருந்தது. ஓடிப்போய் ஃப்ராக் தொட்டியைப் பார்த்தேன். அங்கேயும் அதே கஞ்சி. எஸ்தர் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்தது. ஜெபராஜ் ஈர வேட்டியோடு மூலையில் நின்றான்.

"ரெண்டு தொட்டி வச்சிருக்கியளே, ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன் அத்தான்."

அவனை எப்படித் திட்டுவது? குழாய் போட்டது நான்தானே.

தாய் வீடு

இரண்டு தொட்டிகளையும் விற்றுவிடப் போகிறேன் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். வாங்க யாரும் வரவில்லை. காக்காதான் பஸ் ஏறி வந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. நான் கொடுத்த துண்டு அவர் வீட்டில் நன்றாகப் பெருத்து, அதிலிருந்து வெட்டிய துண்டு உள்ளே இருந்தது. வில்லையில் ஒட்டி, அதே பச்சையில். நான் சொன்ன விதிகளில் எதையாவது பின்பற்றினாரா என்று கேட்டேன். அந்தக் காகிதம் அன்றைக்கே தொலைந்துவிட்டதாம்.

கொடுத்ததைத் திருப்பி வாங்குவது முறையில்லை என்று நான் இழுத்தேன். அதற்குள் எஸ்தர் வந்து டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க ஊரு வழக்கம் மறந்து போச்சா சார்? பொண்ணு தாய் வீட்டுலதான் இருக்கணும்."

இத்தனை வருட அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு பவளம் பிழைக்க வேண்டுமானால், முதல் வேலையாக அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.