கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும்

சில வருடங்களுக்கு முன்பு, திருச்செங்கோட்டில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். மாப்பிள்ளை அதே ஊரில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருந்தார். நிச்சயத்தன்று சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அவருடைய அத்தை என் தோளைத் தொட்டு, பிரியமாகத்தான் சொன்னார்: "கண்ணு, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சுட்டீனா ஃபோட்டோவுல எடுப்பா இருக்கும்."

பள்ளிக்கூடத்திலிருந்தே 'குண்டு' என்று கேட்டு வளர்ந்தவள் நான். மறுநாளே ஃபோனில் வீடியோ பார்த்து ஆரம்பித்துவிட்டேன். காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர், மதியம் ஒரு கொய்யா, ராத்திரி வெள்ளரிக்காய். அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை ஆபீசில் யாருக்காவது கொடுத்துவிட்டு, காலி டப்பாவோடு வீடு திரும்புவேன். எடை குறைந்தது. முடி கொட்டியது, தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கல்யாணக் களை வந்துவிட்டது என்றார்கள். அந்தப் பாராட்டுக்காகவே இன்னும் குறைத்தேன்.

கல்யாண ஜாக்கெட்டை ஈரோட்டில் தைக்கக் கொடுத்திருந்தேன். எடுத்த அளவைவிடச் சிறியதாகத் தைக்கச் சொன்னதும் நான்தான். வாங்கப் போன அன்று போட்டுப் பார்த்தால் கொக்கி சேரவில்லை. அந்தக் கோபத்தில் கொய்யாவையும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. காவிரிப் பாலம் தாண்டும்போது காது அடைத்தது. கம்பியைப் பிடித்த கை நழுவியது மட்டும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது பள்ளிபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் எனக்குப் பின்னால் நின்றவராம். என் ஃபோனில் கடைசியாகப் பேசிய நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

கடைசியாக நான் பேசியது மாப்பிள்ளையிடம்.

எனக்கு உயிரே போய்விட்டது. பொண்ணுக்கு வலிப்பு, ஏதோ வியாதியை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கல்யாணம் நிற்கும், அப்பா அம்மா வெளியே தலை காட்ட முடியாது. டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்குக்கூட இட்லி என்று பொய் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை பைக்கில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சாப்பிடாமல் கிடந்ததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இனி மறைக்க என்ன இருக்கிறது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக் கொஞ்சம் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். ஆணி வைத்து அடித்த புது ஓட்டை ஒன்று இருந்தது.

"நிச்சயத்தன்னிக்கு உங்க மாமா, மாப்பிள்ளைக்கு வயிறு முன்னால நிக்குதுன்னு சொன்னாருங்க. அன்னையிலிருந்து நானும் ராத்திரி சோறு திங்கறதில்லீங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாருக்குது போங்க. எந்திரிச்சு மொதல்ல ரெண்டு பேரும் சோறு தின்னுங்க சாமி" என்றவர், என் பையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு மெஸ் இருந்தது. அவர் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சோறு வாங்கினார். நானும் வாங்கினேன். அவ்வளவு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் ஒவ்வொரு கவளத்துக்கும் இறங்கியது. அன்று சாயங்காலமே அவர் தன் அத்தைக்கு ஃபோன் போட்டு, பொண்ணு இப்படியேதான் இருக்கும், ஃபோட்டோவும் இப்படியேதான் வரும் என்று சொன்னார். அத்தை பாவம், தான் சொன்னதையே மறந்துபோயிருந்தார்.

எங்களுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. விசேஷ வீடுகளில் யாராவது அவள் கன்னத்தைக் கிள்ளி உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை மாற்றிவிடுவோம். எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூச்சமில்லாமல் இன்னொரு கரண்டி சோறு கேட்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, அன்று அந்த மெஸ்ஸில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.