பூட்டுப் போட்ட நாள்காட்டி

சென்ற வாரம் புதுக் கைபேசி, ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தைத் தொடச் சொன்னது. எல்லோரும் தொட்டுவிட்டுப் போவார்களாம். நான் முழுவதையும் படித்தேன். எழுபது நிமிடம் ஆனது. எதை நகல் எடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அத்தனை பக்கம். படிக்கப் படிக்க என் மூக்கில் ஏறியது என்னவோ பழைய பிளாப்பி டிஸ்க்கின் பிளாஸ்டிக் வாசனைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. வெளியே பஞ்சுத்தூசி பறக்கும், உள்ளே ஏ.சி. முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். அங்கே மதியச் சாப்பாட்டு வேளைகளில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் தமிழ் வருடம், மாதம், தேதி வரும். தேதிப் பைத்தியம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்தது. என் டைரியில் மழை தொடங்கிய மணி வரை இருக்கும். பதினான்கு மாத உழைப்பு. இதைச் செய்தவன் நான் ஒருவன்தான் என்று ஊர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதனால் ரகசிய எண் போட்டுப் பூட்டினேன். என்ன எண்? என் பிறந்த தேதி. ஆண்டுதோறும் அன்று ஆபீஸ் முழுவதற்கும் பால்கோவா கொடுத்தவனும் நானே.

ஒரு வெள்ளிக்கிழமை, உடன் வேலை பார்த்த குருசாமி தலையைச் சொறிந்தான்.

“ஏலே, கோவிச்சுக்காத. ஒன் காலண்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஓடுது.”

“எப்படிலே போச்சு?”

“எங்க அக்கா செண்பகம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருக்கால்ல, கேட்டா. பிளாப்பில போட்டுக் குடுத்தேன்.”

“பூட்டு?”

“அம்புட்டு பேருக்கும் பால்கோவா குடுத்துட்டு, பூட்டுங்கியே!”

மறுநாள் சட்டைப்பையில் நாலு பக்கக் கண்டனக் கடிதத்தோடு பஸ் ஏறினேன். இன்ஸ்டிட்யூட்டில் துண்டுச்சீட்டும் கையுமாக ஏழெட்டுப் பேர். பிள்ளை பிறந்த தேதி, தகப்பனார் தவறிய தேதி. என் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த செண்பகம் எழுந்துவிட்டார்.

“நீங்கதானா? ஒரு வாரமா ஒங்களத்தான் வைஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

“என்னையா? களவாண்டது நீங்க!”

“களவுச் சரக்கு நல்லதா இருக்க வேண்டாமா? பொழுதடைஞ்ச பொறவு சூரியன் ராசி மாறி மாசம் பொறந்தா மறுநாள்தான் ஒண்ணாந்தேதி. ஒங்க புரோகிராமுக்கு அது தெரியல. சில மாசம் பூரா ஒருநாள் முந்தி நிக்குது. எங்க அப்பா செத்த தேதியே தப்பு! பழைய பஞ்சாங்கத்த வச்சு ஒண்ணொண்ணா திருத்தினேன்.”

மழைக்கு மணி பார்த்தவன், சூரியன் மறைவதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். என் பெயரோடு அந்தப் பிழை ஊரூராகப் போயிருக்கும். திரையைப் பார்த்தேன். மேலே என் பெயர் அப்படியே இருந்தது. கீழே, ‘திருத்தம்: செண்பகம்’.

“பேர அழிச்சாத்தான் களவு. அழிக்கல, பாத்துக்கோங்க.”

கடிதம் பையைவிட்டு வெளியே வரவில்லை. “திருத்தினதுல எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தாங்க” என்றேன்.

“வெறும் பிளாப்பி கொண்டாந்தீங்களா? இல்லையா?” அவர் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “கேட்டீகளா, அவிய எழுதினத அவியளுக்கே ஓசில குடுக்கணுமாம்!”

அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

திங்கட்கிழமை பூட்டை எடுத்தேன். நகல் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தினால் பெயரைக் கீழே சேர்க்க வேண்டும் என்று முதல் திரையில் எழுதினேன். சில ஆண்டு கழித்து, கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படித்த ஒரு மாணவன், எழுதியது நான் என்று தெரியாமல் எனக்கே அதைக் கொண்டுவந்து காட்டினான். சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் நட்சத்திரம் சேர்த்திருந்தார், இன்னொருவர் கிரகணம். பதினோரு பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. இதை எழுதும்போதுகூட முதுகு கொஞ்சம் நிமிர்கிறது.

இன்று தமிழ்த் தேதி எங்கும் நொடியில் கிடைக்கிறது, சரியாகவே. யார் கணித்தது, யார் திருத்தியது என்று ஒரு வரி இல்லை. என் பிளாப்பிகளில் பூஞ்சை படிந்துவிட்டது. கடைசியாக அந்தத் திரையைப் பார்த்தபோது, பதினோராம் பெயருக்குக் கீழே பாதி இடம் காலியாக இருந்தது.