நிலையான விலாசம்

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறும் பஸ் திரும்பிப் போகிற கடைசி இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் நடந்தால் மேற்பிரிவு லயம் வரும்; தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பெனி கட்டிய சிறு வீடுகளின் வரிசை அது. அங்கே நாலாம் காம்பராவில் குடியிருக்கிறார் செல்லசாமி. வயது ஐம்பத்து நாலு. கவ்வாத்து வெட்டுகிற ஆள். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்தில் கத்தியால் சீவி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை அது. முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி லயத்தில் யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் கார்த்திகை முதலாம் தேதி ஹட்டனில் வைத்து அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். முதல் தடவை. மாலை போட்ட நாளிலிருந்து கறுப்பு வேட்டி, வெறுங்கால், காலையிலும் மாலையிலும் பச்சைத் தண்ணீரில் குளிப்பு. அக்கரப்பத்தனைக் குளிரில் மலை ஊற்றிலிருந்து வழியும் விடியற்காலைப் பீலித் தண்ணீர் உடம்பில் விழுந்தால் மூச்சு ஒருமுறை நின்றுதான் வரும். அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

நேர்த்தி வைத்து ஐந்து வருடமாகியிருந்தது. ஒரு பங்குனி மாதம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. செல்லசாமியின் மனைவி வேலாயியும் அவர்களில் ஒருத்தி. முகம் வீங்கி, கண் மூடி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் பிழைக்கவில்லை. அந்த வராந்தாவில் நின்றுதான் செல்லசாமி சொன்னார்: "ஐயப்பா, இவள எழுப்பிக் குடு. ஒன் மலைக்கு நடந்து வர்றேன்." நாலாம் நாள் வேலாயி கண் திறந்து, தேத்தண்ணி கேட்டாள்.

பிறகு ஒரு வருடம் நோய்க் காலம், பாதை மூடிக் கிடந்தது. ஒரு வருடம் நாடு கெட்டுப்போய், கடவுச்சீட்டு எடுக்க வரிசையில் நின்றவர்கள் அங்கேயே தூங்கினார்கள். ஒரு வருடம் அம்மா செத்த தீட்டு. ஒரு வருடம் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை, போகவில்லை, அவ்வளவுதான். இதற்கிடையில் சரிவிலே நின்று நின்று இடது முழங்கால் மடங்க மறுத்தது. இந்த வருடம் ஏறினால்தான் உண்டு என்று அவருக்குத் தெரிந்தது.

குருசாமியின் பெயர் அழகன். ஹட்டனில் டயர்க் கடை வைத்திருப்பவர், பதினெட்டுத் தடவைக்கு மேல் மலை ஏறியவர். பத்தொன்பது பேரை அந்த வருடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் பிளேன், அங்கிருந்து வேன். பத்தொன்பது பேருக்கும் சுற்றுலா வீசா எடுக்க வேண்டும். படிவம் நிரப்புவது பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த லோஜினி. சுறுசுறுப்பான பெண். கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள்.

செல்லசாமியின் முறை வந்தபோது கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

"ஒடம்புல பாத்தா தெரியிற மாதிரி தழும்பு ஏதாவது இருக்கா சாமி?"

"கவ்வாத்து வெட்டுறவன் கால்ல தழும்புக்கா கொறச்சல்? எதச் சொல்லட்டும் சாமி?"

மாலை போட்டவர் எதிரில் நிற்கிற எல்லாரையும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். லோஜினிக்கு அது பழகிவிட்டது.

"பெருச எழுதுவோம். எடது காலு. இந்தியாவுக்கு முந்திப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"பாகிஸ்தான்?"

"நான் கொழும்புக்கே ரெண்டு தரந்தான் போயிருக்கேன்."

அழகன் குருசாமி சிரித்தார். "எழுதிக்க சாமி. வட்டகொடை ஸ்டேஷனத் தாண்டித் தெரியாதுன்னு."

லோஜினி அடையாள அட்டையைப் பார்த்துத் தோட்டத்து விலாசத்தை அடித்தாள். பிறகு டக்கென்று ஒரு பெட்டியில் சரி போட்டாள். செல்லசாமி அதைக் கவனித்தார்.

"அது என்னா சாமி, சரி போட்டது?"

"ஒண்ணுமில்ல சாமி. இப்ப இருக்கிற விலாசம், நிலையான விலாசம்னு ரெண்டு கேப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டேன். எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறது."

செல்லசாமி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே. லயம் கம்பெனியோடது. எனக்கு வேல இருக்கிற மட்டுந்தான் அது. அத எப்பிடி நிலைன்னு சொல்றது?"

"பின்ன எதச் சொல்றது?"

தயங்காமல் சொன்னார்: "திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா, கீழச்சிந்தலூர்."

மலையகத்தில் இது யாருக்கும் புதிதில்லை. பெண் பார்க்கப் போனால் முதலில் கேட்பது எந்த ஊர் என்பதுதான். ஹட்டன் என்றோ தலவாக்கலை என்றோ யாரும் பதில் சொல்வதில்லை. தாத்தாவோ அவருடைய அப்பாவோ கப்பல் ஏறப் புறப்பட்ட ஊரைத்தான் ஜில்லா, தாலுகாவோடு சொல்வார்கள். கருமாதி வீட்டிலும் அதுதான் கேள்வி, அதுதான் பதில். செல்லசாமி அந்த ஊரைப் பார்த்ததில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. ஆனால் யாரும் எடுத்துக்கொள்ள முடியாத விலாசம் என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"சாமி, வம்பாப் போகும்," என்றாள் லோஜினி.

"மால போட்டுக்கிட்டு பொய் எழுதக் கூடாது சாமி. அப்பிடியே எழுதுங்க."

குருசாமி அப்போது வெளியே போய் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. லோஜினி அப்படியே எழுதினாள்.

பத்து நாள் கழித்து பதினெட்டுக் கடவுச்சீட்டுகள் வீசாவோடு வந்தன. செல்லசாமியுடையது வரவில்லை. செவ்வாய்க்கிழமை கண்டி வீசா அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும் என்று செய்திதான் வந்தது. சனிக்கிழமை ஹட்டன் கோயிலில் இருமுடி கட்டுவதாக நாள் குறித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிளேன்.

லோஜினியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட அழகன் குருசாமி போனில் கத்தவில்லை. விரதத்தில் கத்தக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"பதினாலு வருஷமா கூட்டிப் போறேன் சாமி. ஒருத்தர் கூட இந்தக் கேள்விக்கி நின்னு யோசிச்சதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ்போட் வரலன்னா ஒங்க முடிய நான் கட்ட மாட்டேன். கட்டுன முடிய மல ஏறாம அவுக்கக் கூடாது. மாலையக் கோயில்லயே கழட்டி வெச்சிருங்க, அடுத்த வருஷம் பாப்போம்."

"சரிங்க சாமி," என்றார் செல்லசாமி. அடுத்த வருடத்து முழங்காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வேலாயி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விரத நாளில் பெண்சாதியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கோபம் வந்தாலும்.

"இந்தக் காம்பராவுல என்னோட இருவத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திட்டு, இது நிலை இல்லன்னு எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கீங்களே சாமி. நல்லா இருக்கு."

"நான் காம்பராவத்தான் சொன்னேன்."

"கேக்குறவங்களுக்கு அது தெரியுமா? நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போனா, செல்லசாமி ஊரப் பாக்கப் போறாரு, வேலாயிய விட்டுட்டாருன்னு சொல்லுவாளுக." சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குக் கறுப்பு வேட்டியைத் தோய்த்து அடுப்புக்கு மேலே காயப் போட்டாள். வெளியே போட்டால் அந்தப் பனியில் மூன்று நாளானாலும் காயாது.

செவ்வாய்க்கிழமை ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினார். கூட்டம். சிங்களக் கண்டக்டர் அவருடைய மாலையைப் பார்த்து, "சாமிட்ட சீட் எக்கக் தெண்ட," என்று சொல்லி ஓர் இளைஞனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். செல்லசாமி அவருக்கும் கைகூப்பி, "சாமி," என்றார்.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு பெயர் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழ்நாட்டுக்காரர், கண்ணாடி போட்டவர், களைத்த முகம். படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.

"கீழச்சிந்தலூர்ல உங்களுக்கு வீடு இருக்கா?"

"இல்லீங்க சாமி."

"நிலம்?"

"இல்லீங்க."

"சொந்தக்காரங்க?"

"இருப்பாங்க சாமி. எனக்குத் தெரியாது."

"நீங்க எங்க பொறந்தீங்க?"

"தோட்டத்துல. எங்கப்பாவும் அங்கதான்."

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். "அப்பாவும் நீங்களும் பொறந்தது அங்க. வேலை அங்க. அடையாள அட்டையிலயும் அதான் இருக்கு. பின்ன இந்த ஊரு எங்கேர்ந்து வந்துச்சு? டூரிஸ்ட்டா போறவர் இந்தியாவுல நிலையான விலாசம் எழுதினா, திரும்பி வருவாரான்னு நாங்க கேக்க மாட்டோமா?"

செல்லசாமி நிதானமாகச் சொன்னார். "அந்தக் காம்பரா கம்பெனியோடதுங்க சாமி. எங்கப்பா செத்த மாசம், காம்பராவ என் பேருக்கு மாத்தித் தர்ற வரைக்கும் எங்கம்மா பயந்துகிட்டே இருந்துச்சு. நிலையான்னு கேட்டாங்க. மால போட்டுக்கிட்டு ஆமான்னு சொல்ல வாய் வரல."

அதிகாரி படிவத்தை ஓரமாக நகர்த்தினார். பிறகு ஏற்கெனவே அச்சடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இது வழக்கமான கடிதம். மேற்படி விலாசத்தைக் கவனக்குறைவால் தவறாகக் கொடுத்துவிட்டேன்னு இருக்கு. கையெழுத்து போடுங்க, தோட்டத்து விலாசத்தை மாத்திக்கலாம். முடிஞ்சது."

செல்லசாமி பேனாவை வாங்கினார். தாளின் அடியில் கோடு போட்டிருந்தது. பேனா முனை அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. பின்னால் ஒருவர் இருமினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. இந்தக் கையெழுத்தைப் போட்டால் அந்த வார்த்தையைக் காப்பாற்றலாம். ஆனால் போட்டுக்கொண்டிருக்கும் மாலை?

"கவனக்குறைவா எழுதலீங்களே சாமி," என்றார். "யோசிச்சுத்தான் எழுதுனேன்."

"ஐயா, இது எல்லாரும் போடுறதுதான்."

"தெரியுதுங்க. ஒரு வெள்ளத் தாள் குடுத்தீங்கன்னா, உள்ளத நானே எழுதித் தர்றேன். அது செல்லாதுன்னா நான் போயிடுறேன் சாமி. ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

அதிகாரி பெருமூச்சு விட்டார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஓரமாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

அவர் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுதிப் பழகாத கை. எழுத்துகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நின்றன. அவர் எழுதியது இவ்வளவுதான்:

"கீழச்சிந்தலூர் எங்கள் தாத்தா ஊர். எனக்கு அங்கே வீடு இல்லை. நான் அங்கே இருக்கப் போவதும் இல்லை. நான் இருப்பது மேற்பிரிவு லயம் நாலாம் காம்பரா. அது எனக்குச் சொந்தம் இல்லை. ஆனால் என் மனைவி அங்கேதான் இருக்கிறாள். சாமி கும்பிட்டுவிட்டு அங்கேதான் திரும்பி வருவேன்."

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "திருச்சியிலதான் எறங்குறீங்க. முசிறி பக்கந்தான். அந்த ஊரைப் பாக்கணும்னு இல்லையா?"

"வேன் அங்க நிக்காதுங்க சாமி."

தாளைப் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார் அதிகாரி. "நான் மேல அனுப்புறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து கவுண்டர்ல கேளுங்க."

இடையில் இருந்த இரண்டு நாளும் செல்லசாமி வேலைக்குப் போனார். பன்னிரண்டாம் நம்பர் மலையில் கவ்வாத்து. வெட்டிய செடிகள் மொட்டையாக நின்றன. கங்காணி, "என்னா சாமி, மலைக்கா இல்ல இந்த மலைக்கேதானா?" என்று கேட்டார். "ஐயப்பனுக்குத் தெரியும் சாமி," என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். மாலை நேரத்தில் கோயிலில் சரணம் சொன்னார். வீசாவுக்காக அவர் தனியாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஒன்று வாங்கியாகிவிட்டது, அதற்கே இன்னும் போகவில்லை என்பது அவர் கணக்கு.

வெள்ளிக்கிழமை கவுண்டரில் ஒரு பெண் ரசீதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து ஓர் உறையைத் தள்ளினாள். "முப்பது நாளைக்குக் குடுத்திருக்காங்க. பேரு, நம்பர் எல்லாம் சரியான்னு பாத்துக்குங்க ஐயா." செல்லசாமி உறையைப் பிரித்தார். கடவுச்சீட்டின் நடுப்பக்கத்தில் வீசா ஒட்டியிருந்தது. ஆங்கிலம் அவருக்கு வராது. தன் படத்தையும் தேதியையும் மட்டும் சரிபார்த்தார். "சரிதாங்க சாமி," என்றார். அந்தப் பெண் கொஞ்சம் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து முதலில் குருசாமிக்குச் சொன்னார். "நாளைக்கு விடிய அஞ்சு மணிக்குக் கோயில்ல நிக்கணும். நேரத்தோட வந்துருங்க சாமி," என்று மட்டும் குருசாமி சொன்னார்.

பிறகு வேலாயிக்கு எடுத்தார். அவள் மத்தியானக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றாள். பின்னால் பெண்களின் சத்தம்.

"கெடச்சிருச்சு," என்றார்.

பெண்களின் சத்தம் குறைந்தது; வேலாயி ஓரமாக ஒதுங்கியிருந்தாள்.

"எத்தன நாளைக்குக் குடுத்திருக்காங்க?"

"முப்பது நாளாம்."

"முப்பதா? குருசாமி பதினோரு நாள்னுதான சொன்னாரு. பதினோரு நாள் போதும் சாமி. மத்தத அவங்ககிட்டயே வெச்சிக்கச் சொல்லிட்டு வந்துருங்க."

"சரி," என்றார் செல்லசாமி. ஹட்டன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் வெறுங்காலோடு கண்டித் தெருவைக் கடந்து அதில் ஏறினார்.